ரெண்டாவது டிவிஷன்ல இருந்து மேல போக ப்ளே-ஆஃப்: இங்கிலாந்து முறை நம்ம லீக்குக்குப் பொருந்துமா?

நொய்யல்கரை_8

வணக்கமுங்க. அவிநாசி, பெருமாநல்லூர் சுத்துவட்டாரத்து பனியன் கம்பெனி டீம்களை வெச்சு ஒரு கால்பந்து லீக் திட்டம் போட்டிருக்கோம். ரெண்டு டிவிஷன், டிவிஷனுக்கு 8 டீம், எல்லாருக்கும் ஒரே மைதானம். ஒரு ஞாயிறு மேல் டிவிஷன், அடுத்த ஞாயிறு கீழ் டிவிஷன். ஒரே சுத்துதான், ஆளுக்கு 7 ஆட்டம். லீக் ஆட்டம் 70 நிமிஷம்.

கீழ் டிவிஷன்ல முதலிடம் வர்ற டீம் நேரா மேல போயிடும். இன்னொரு இடத்துக்கு, 2 முதல் 5 வரைக்கும் வந்த நாலு டீமுக்கு இங்கிலீஷ் சாம்பியன்ஷிப் (இங்கிலாந்தோட ரெண்டாவது படி) மாதிரி ப்ளே-ஆஃப், ஆட்டத்துக்கு 90 நிமிஷம். செமியை ரெண்டு ஆட்டமா வெக்கோணுமா? மேல் இடத்துல வந்தவங்களுக்கு அங்க என்ன சலுகை? ஃபைனல் டிரா ஆனா? மே மாசக் கடைசிக்குள்ள முடிக்கோணும், லைட் வசதி கிடையாது.

ஈரோடு_லெஃப்ட்பேக்

2024-25 சீசன் விதியை வெச்சுச் சொல்றனுங்க. சாம்பியன்ஷிப்ல 24 டீம், ஆளுக்கு 46 ஆட்டம். முதல் ரெண்டு டீம் நேரா மேல் படியான பிரீமியர் லீக்குக்கு. 3-வது டீம் 6-வதோடயும், 4-வது 5-வதோடயும் செமி ஆடும். ஆளுக்கொரு ஊர்ல ஒண்ணுன்னு ரெண்டு ஆட்டம், கோலைக் கூட்டிப் பார்ப்பாங்க. சமமா இருந்தா ரெண்டாவது ஆட்டத்துலயே 30 நிமிஷம் கூடுதல், அப்பறம் பெனால்டி. வெளியூர்ல அடிச்ச கோலுக்குத் தனி மதிப்பு கிடையாது. ஃபைனல் லண்டன் வெம்ப்ளி மைதானத்துல ஒரே ஆட்டம்.

சலுகைன்னு பார்த்தா ஒண்ணே ஒண்ணுதான்: மேல் இடத்துல வந்த டீம் செமியோட ரெண்டாவது ஆட்டத்தைச் சொந்த ஊர்ல ஆடும். கூடுதல் நேரமும் பெனால்டியும் வந்தா அங்கதான் நடக்கும். 2025 செமியில சண்டர்லாந்து, கவென்ட்ரி ஊர்ல 2-1 ஜெயிச்சுட்டு வந்து, சொந்த மைதானத்துல 0-1 பின்தங்கி, கூடுதல் நேரத்தோட கடைசி நொடிகள்ல பல்லார்ட் தலையால அடிச்ச கோல்ல ஃபைனலுக்குப் போனாங்க.

ஐபிஎல், டிஎன்பிஎல் ரெண்டுலயும் முதல் ரெண்டு டீமுக்குத் தோத்தாலும் இன்னொரு ஆட்டம் இருக்கு. இங்கிலாந்துல அது இல்ல, தோத்தா அடுத்த வருஷம்தான். அதே 2025-ல 3-வதா வந்த ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு 90 புள்ளி, 4-வதா வந்த சண்டர்லாந்துக்கு 76. ஷெஃபீல்டு செமியில பிரிஸ்டல் சிட்டியை மொத்தம் 6-0ன்னு உருட்டிட்டு வந்தது. சண்டர்லாந்தோட ஆடுன ஃபைனல்லயும் கேம்ப்பெல் அடிச்சு முன்னாடி போனாங்க. 76-வது நிமிஷம் மயெண்டா, காயத்துக்குச் சேர்த்த நேரத்துல டாம் வாட்சன், 2-1, சண்டர்லாந்து மேல போயிருச்சு. எட்டு மாசமா சேர்த்த 14 புள்ளி வித்தியாசத்துக்கு அந்தச் சாயங்காலம் மதிப்பே இல்லாம போச்சு. அதனால, மேல வந்தவனுக்கு எவ்வளவு சலுகைங்கிறதை முதல்லயே முடிவு பண்ணுங்க. மத்ததெல்லாம் அதுக்கு அப்பறம்தான்.

பொள்ளாச்சி_விசில்

ஒரே மைதானம்னா ரெண்டு ஆட்ட செமியை உட்டுருங்க. ஊர் மாத்தி ஆடுறதுக்குத்தான் அந்த ஏற்பாடே. எல்லாருக்கும் ஒரே மண்ணுன்னா ஒரு ஞாயிறு வீண், காலும் வீண்.

நேஷனல் லீக், அதாவது இங்கிலாந்தோட அஞ்சாவது படி, உங்களுக்குக் கிட்ட வரும். அங்க 2 முதல் 7 வரைக்கும் ஆறு டீம். 4-ம் 7-ம், 5-ம் 6-ம் முதல்ல மோதும். 2-ம் 3-ம் நேரா செமியில வந்து நிக்கும். எல்லாமே ஒரே ஆட்டம், ஃபைனல் தவிர மத்ததெல்லாம் மேல் இடத்துக்காரங்க ஊர்ல. 2023-ல நாட்ஸ் கவுன்ட்டி 107 புள்ளி எடுத்தும் 2-வது இடம்தான், ஏன்னா ரெக்ஸம் 111. அத்தனை எடுத்த டீமும் ஃபைனல்ல செஸ்டர்ஃபீல்டோட 2-2 ஆகி பெனால்டியிலதான் தப்பிச்சது.

நேரக் கணக்கு பாருங்க. 90 நிமிஷம், இடைவேளை 15, சேர்த்த நேரம் 8, கூடுதல் 30, நடுவுல நிக்கிற நேரம் 10, பெனால்டிக்கு 20. மொத்தம் 173 நிமிஷம், கிட்டத்தட்ட மூணு மணி நேரம். மே வெயிலுக்குப் பாதிக்கு ஒண்ணுன்னு 3 நிமிஷத் தண்ணி இடைவேளை ரெண்டு வெச்சா 179. மே கடைசியில நம்ம பக்கம் 6.40 வாக்குல பொழுது சாயும். 4 மணிக்கு ஆரம்பிச்சா பெனால்டி இருட்டுல. ஃபைனலை 3.30-க்கு மேல தொடங்கவே கூடாது. கோடை மழை சாயங்காலம்தான் வரும், அதுக்கு அடுத்த ஞாயிறை இப்பவே ஒதுக்கி வெச்சுக்குங்க.

செமியில கூடுதல் நேரமே வேண்டாம். 90 நிமிஷத்துல சமம்னா மேல் இடத்துல வந்த டீம் ஃபைனலுக்குன்னு எழுதிருங்க. இங்கிலாந்துல இப்படி இல்ல. ஆனா நடுநிலை மண்ணுல வேற எந்தச் சலுகையும் குடுக்க முடியாதே. ஒரு செமி காலைல 6.45, இன்னொண்ணு 3.30, ஒரே ஞாயித்துல முடிஞ்சிரும்.

சென்னிமலை_10

நேரக் கணக்குக்கு ஒத்துக்கறேன், டிரா சலுகைக்கு ஒத்துக்க மாட்டேன். 46 ஆட்டத்துப் பட்டியல் வேற, 7 ஆட்டத்துப் பட்டியல் வேறங்க. ரெண்டு கோல்கீப்பருக்கும் ஒரே வாரம் காய்ச்சல்னா 2-வது வரவேண்டிய டீம் 5-வது ஆயிடும். அத்தனை சின்னப் பட்டியலுக்கு இவ்வளவு பெரிய சலுகை நியாயமில்ல. அதுபோக, டிரா போதும்னு தெரிஞ்ச டீம் பத்துப் பேரைப் பாக்ஸுக்குள்ள நிறுத்திடும்.

இப்படி வையுங்க: ரெண்டு டீமுக்கும் நடுவுல 4 புள்ளிக்கு மேல வித்தியாசம் இருந்தா டிரா சலுகை செல்லும். 4-ஓ அதுக்குக் கம்மியோன்னா நேரா பெனால்டி. பெனால்டியில மேல போறது குறைச்சலான வழின்னு யாராவது சொன்னா ஹட்டர்ஸ்ஃபீல்டைக் காட்டுங்க. 2017-ல மூணு ப்ளே-ஆஃப் ஆட்டத்துலயும் அவங்க ஆளுக ஒரு கோல்கூட அடிக்கல. செமியில கிடைச்ச ஒரே கோல் ஷெஃபீல்டு வெட்னஸ்டே டிஃபெண்டர் தன் வலையிலேயே போட்டது. செமி பெனால்டி 4-3, ரெடிங்கோட ஃபைனல் 0-0, அதுலயும் பெனால்டி 4-3. பிரீமியர் லீக்குக்குப் போனாங்க.

இதைவிடப் பெரிய ஆபத்து லீக்கோட கடைசி ஞாயிறுலதான் இருக்கு. இங்கிலாந்துல கடைசிச் சுத்து எல்லா ஆட்டமும் ஒரே நேரத்துல தொடங்கும். உங்களுக்கு ஒரே மைதானம், நாலு ஆட்டமும் ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு. கடைசியா ஆடுறவங்களுக்கு எத்தனை கோல் வேணும், டிரா போதுமான்னு முன்னாடியே தெரியும். ரெண்டு டீமும் பேசி வெச்சு ஆடுற நிலைமை அங்கதான் வரும். அந்த ஒரு நாளைக்கு மட்டும் இன்னொரு பள்ளிக்கூட மைதானத்தைக் கேட்டு வாங்குங்க. 5-வது இடத்துக்கு வாய்ப்புள்ள டீம்களோட ரெண்டு ஆட்டத்தையாவது ஒரே நேரத்துல நடத்துங்க. புள்ளி சமம்னா கோல் வித்தியாசம், அதுவும் சமம்னா அடிச்ச கோல்னு சீசனுக்கு முன்னாடியே எழுதிக் கையெழுத்து வாங்குங்க.

நொய்யல்கரை_8

ரொம்ப நன்றிங்கண்ணா. கடைசி ஞாயிறு விஷயம் எங்க யோசனையிலயே இல்ல. 4 புள்ளிக் கணக்கை எடுத்துக்கறோம். இன்னொரு கேள்வி: மேல் டிவிஷன்ல 7-வது வர்ற டீமையும் ப்ளே-ஆஃப்ல சேர்க்கச் சொல்லி ஒரு கம்பெனிக்காரங்க கேக்கறாங்க. சரியா வருமா?

ஈரோடு_லெஃப்ட்பேக்

ப்ளே-ஆஃப் பிறந்ததே அப்படித்தானுங்க. 1987-ல ஆரம்பிச்சப்ப மேல் டிவிஷன் டீம் ஒண்ணு, கீழ இருந்து மூணு. முதல் வருஷம் மேல இருந்த சார்ல்டன், லீட்ஸோட ஆளுக்கொரு 1-0 ஆகி, பர்மிங்ஹாம்ல மூணாவதா ஒரு ஆட்டம் வெச்சு, 2-1ன்னு ஜெயிச்சுத் தப்பிச்சது. 1988-ல செல்சி, மிடில்ஸ்பரோகிட்டத் தோத்துக் கீழ இறங்குச்சு. செல்சியோட சொந்த மைதானமான ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ்ல ஆட்டம் முடிஞ்சதும் ரசிகர்கள் மைதானத்துக்குள்ள இறங்கிக் கலவரம். 1989-ல இருந்து கீழ் டிவிஷன் டீம் மட்டும்தான்.

சேர்த்தா மேல் டிவிஷனோட கடைசி ஞாயிறுகள் சூடு பிடிக்கும், அது நிஜம். ஆனா தோத்தா இறங்கற டீமும் ஜெயிச்சா ஏறுற டீமும் ஒரே ஆட்டத்துல மோதுனா கோவம் ரெட்டிப்பாகும். முதல் வருஷம் வேண்டாம்.

பொள்ளாச்சி_விசில்

ஜெயிச்ச டீமுக்கு மேல போகத் தகுதி இருக்கான்னு ஃபைனலுக்கு முன்னாடியே பாருங்க. 1990-ல வெம்ப்ளியில ஸ்விண்டன் 1-0 ஜெயிச்சும், பணக்கணக்குல முறைகேடுன்னு மேல விடல. தோத்த சண்டர்லாந்துதான் போச்சு. நம்ம பக்கம் பிரச்சினை ஆள் கணக்குல வரும். ஃபைனலுக்கு மட்டும் பாலக்காட்டுல இருந்து ஸ்ட்ரைக்கரை இறக்குவாங்க. 4-வது சுத்தோட பதிவை மூடிருங்க. லீக்ல 3 ஆட்டமாவது ஆடுனவன்தான் ப்ளே-ஆஃப் ஆடலாம்னு எழுதுங்க. ஆட்டத்துக்கு முன்னாடி அடையாள அட்டையைப் பட்டியலோட ஒத்துப் பார்க்கத் தனியா ஒருத்தரைப் போடுங்க. லீக்ல வாங்குன மஞ்சள் அட்டையை அழிச்சிருங்க, சிவப்போட தடை மட்டும் தொடரட்டும்.

பெனால்டிக்கு ரெஃப்ரிகிட்டச் சொல்லி வெக்கவேண்டியது: டாஸ் ரெண்டு தடவை. ஒண்ணு எந்த கோல்னு, இன்னொண்ணு யார் முதல்லன்னு. ஆனா வெயில் கண்ணுல அடிச்சாலோ ஒரு பக்கம் மண் பெயர்ந்திருந்தாலோ கோலை ரெஃப்ரியே முடிவு பண்ணலாம். ஆட்டம் முடியறப்ப ஆடிட்டிருந்தவங்க மட்டும்தான் அடிக்கலாம், பெஞ்ச்ல உக்காந்தவன் வரக்கூடாது. ஒரு டீம்ல 10 பேர்தான் மிச்சம்னா எதிர் டீமும் ஒருத்தரைக் கழிச்சு 10 ஆகோணும். இதைத்தான் நெறையப் பேர் மறக்கறாங்க. அப்பறம் 11-வது அடிக்கு நிக்கறப்ப சண்டை வரும். பந்து உதைபடுற நொடியில கீப்பரோட ஒரு காலாவது கோட்டு மேலயோ கோட்டுக்கு நேராவோ, இல்ல கோட்டுக்குப் பின்னாலயோ இருக்கோணும். சுண்ணாம்புக் கோடு அந்த நேரத்துக்கு அழிஞ்சே போயிருக்கும். கூடுதல் நேரம் முடிஞ்சதும் அந்த கோட்டை மட்டும் திரும்பப் போடச் சொல்லுங்க, பெனால்டி அடிக்கிற புள்ளியையும் அந்த கோட்டுல இருந்து 11 மீட்டர் அளந்து வையுங்க.