கரோலா குவெஸ்ட் 1.6: ஏர்ஃப்ளோ சென்சாரை வீட்டிலேயே மாற்றலாமா?

வெருலம்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய வண்டி 2016ஆம் ஆண்டு டொயோட்டா கரோலா குவெஸ்ட், 1.6 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். சில வாரங்களாக இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. டர்பனுக்கு வேலைக்குப் போய்வரும் சமதளப் பாதையில் பெரிய குறை தெரிவதில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக என்3 நெடுஞ்சாலையில் ஏறினால்தான் தொல்லை. கீ ரிட்ஜ் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி திணறுகிறது, மூன்றாம் கியருக்கு இறங்கினாலும் இழுவை வருவதில்லை.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுகளைப் படிக்கும் புளூடூத் ஸ்கேனரைச் செருகிப் பார்த்ததில் பி0171 என்ற ஒரே ஒரு பழுதுக் குறியீடு வந்தது. அருகிலுள்ள ஒரு பட்டறையில் காட்டியபோது, வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் "ஏர்ஃப்ளோ சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று சொல்லி, பொருளுக்கும் கூலிக்கும் சேர்த்து ஒரு பெரிய தொகையைக் கேட்டார்கள். இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் அந்த சென்சார் ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே, இரண்டு ஸ்க்ரூவில்தான் நிற்கிறது என்பது பானெட்டைத் திறந்தாலே தெரிகிறது. இதை நானே மாற்றலாமா? மாற்றுவதற்கு முன் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

லெனேசியா மெக்கானிக் எழுதியது:

தம்பி, வணக்கம். மாற்றுவது பத்து நிமிட வேலை. அதற்கு யாரையும் தேட வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது அந்தப் பொருள்தானா என்பதை உறுதி செய்வதில்தான் வேலையே இருக்கிறது. பி0171 என்பது கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று மட்டுமே சொல்கிறது. எந்தப் பொருள் கெட்டது என்று அது சொல்வதில்லை. சென்சாரின் மின்சுற்றே பழுதாகியிருந்தால் பெரும்பாலும் பி0102 அல்லது பி0103 வந்திருக்கும். உங்களுக்கு அவை வரவில்லை என்பதால், சென்சார் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் சரியாகச் சொல்கிறதா என்பதே கேள்வி.

இந்த சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய பிளாட்டினக் கம்பியை, உள்ளே வரும் காற்றைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதலான சூட்டில் மின்சாரம் வைத்திருக்கிறது. காற்று அதிகமாகப் பாயப் பாயக் கம்பி குளிரும். அந்தச் சூட்டைக் காக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதைக் கொண்டு எத்தனை கிராம் காற்று போகிறது என்று கணக்கிடப்படுகிறது. கம்பியின்மேல் புழுதியோ எண்ணெய்ப் பிசுக்கோ படிந்தால் அது போர்வையைப் போல மூடிக்கொள்ளும்; சூடு குறைவாக வெளியேறும், சென்சார் உண்மையைவிடக் குறைந்த காற்றையே சொல்லும், கம்ப்யூட்டரும் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைத்து ஊற்றும். பிறகு எக்ஸாஸ்டில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் குறையைக் கண்டு சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்க்கும். அப்படிக் கூட்டும் அளவுதான் ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம் என்று தெரிவது.

ஆகவே முதலில் ஷார்ட் டிரிம் (உடனுக்குடன் செய்யும் திருத்தம்), லாங் டிரிம் (கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருக்கும் திருத்தம்) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். இன்ஜின் ஓடியபடி வண்டி சும்மா நிற்கும்போது மட்டும் அதிகமாக இருந்து, நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு உயர்த்தியதும் இறங்கிவிட்டால், சென்சாருக்குப் பின்னால் எங்கோ காற்றுக் கசிவு இருக்கிறது. மடிப்பு மடிப்பான ரப்பர்க் குழாயின் அடிப்பக்கத்தையும் இன்ஜினின் உள்வாயுவை மறுபடி காற்று வழிக்குக் கொண்டுவரும் பிசிவி குழாயையும் கையால் வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். மாறாக, இன்ஜினின் பாரம் கூடக் கூட டிரிமும் கூடினால், சென்சார் குறைத்துச் சொல்கிறது அல்லது பெட்ரோல் அழுத்தம் போதவில்லை.

இந்த இரண்டையும் பிரித்தறிய ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 1.6 லிட்டர் காற்றை இழுக்கிறது. அப்படியானால் 4000 சுற்றில் விநாடிக்கு ஏறக்குறைய 53 லிட்டர். டர்பன் கடலோரத்தில் வெயில் நாளில் ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.17 கிராம். சிலிண்டர்கள் முழுதாக நிரம்பினால் 62 கிராம் வரும். நடைமுறையில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு நிரம்பும் என்று வைத்துக்கொண்டால் 53 கிராம். இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து 4000 சுற்றைத் தொடும்போது சென்சார் இதற்கு நெருங்கிய எண்ணைக் காட்டினால் அதன்மேல் பழி போடாமல் பெட்ரோல் பம்பைப் பாருங்கள். நாற்பது, நாற்பத்திரண்டு என்று நின்றுவிட்டால் சென்சாரைச் சந்தேகிக்கலாம். ஓட்டிக்கொண்டே திரையைப் பார்க்காதீர்கள். செயலியில் பதிவு செய்துவிட்டு வீட்டில் வந்து படியுங்கள்.

வெருலம்வாசி எழுதியது:

அண்ணா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி. இன்ஜின் சூடான பின் பதிவு செய்த எண்கள் இவை. சும்மா நிற்கும்போது இரண்டு டிரிமும் சேர்த்து +7 சதவீதம், சென்சார் விநாடிக்கு 1.6 கிராம் காட்டுகிறது. 2500 சுற்றில் டிரிம் +15. சீராக ஏற்றம் ஏறும்போது +23. முழு மிதியில் 4000 சுற்றின்போது 42 கிராம்தான் வந்தது. ரப்பர்க் குழாயில் வெடிப்பு எதுவும் தென்படவில்லை.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஃபில்டரின் ஒரு மூலையில் ரப்பர் விளிம்பு மடங்கிப்போய், மேல்மூடியின் உட்புறத்தில், அதாவது சுத்தமாக இருக்க வேண்டிய பக்கத்தில், கரும்பொடி கோடாகப் படிந்திருக்கிறது. எங்கள் பகுதியில் கரும்பு வெட்டும் காலத்தில் தோட்டத்துக்குத் தீ வைக்கும்போது கொடியில் காயும் துணியெல்லாம் கறுத்துவிடும். அந்தச் சாம்பல்தான் என்று நினைக்கிறேன்.

கடலோரன் எழுதியது:

அந்தக் கரும்பொடிக் கோடு ஒன்றே போதும், எண்கள் கூடத் தேவையில்லை என்பேன். ஃபில்டரைச் சரியாக உட்காரவைக்காமல் புது சென்சார் போட்டால், அடுத்த வெட்டுக் காலத்தில் அதுவும் இதே கதிக்கு வந்துவிடும். முதலில் விளிம்பு கெட்டியான நல்ல ஃபில்டர் ஒன்று வாங்குங்கள். பெட்டியின் கிளிப்புகளை மாட்டும் முன், விளிம்பு நான்கு மூலையிலும் பள்ளத்துக்குள் இறங்கியிருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர்கள் வேண்டாம். எண்ணெய் அதிகமாகிவிட்டால் அதுவே கம்பியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

சென்சாரை வாங்குவதற்கு முன் கழுவிப் பார்ப்பது நல்லது. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் கழற்றுங்கள். கனெக்டரின் பூட்டை அழுத்தி, வயரைப் பிடிக்காமல் கனெக்டரின் உடலைப் பிடித்து இழுங்கள். இன்ஜின் சூட்டில் வருடக்கணக்காக வெந்து அந்தப் பூட்டு பிஸ்கட்டாகியிருக்கும், அவசரப்பட்டால் உடைந்து கையோடு வரும். இரண்டு ஸ்டார் ஸ்க்ரூவைக் கழற்றியபின் சென்சார் உடனே வராது, ரப்பர் வளையம் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல் இடமும் வலமுமாக மெல்ல அசைத்து நேராக மேலே தூக்குங்கள். நுனியில் தொங்கும் சிறிய மணி போன்றது காற்றின் வெப்பத்தை அளப்பது. கம்பிகள் உள்ளே ஒரு குறுகிய வழியில் இருக்கும். இரண்டையும் விரலாலோ பஞ்சாலோ தொடவே கூடாது.

ஏர்ஃப்ளோ சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரேயை மட்டும் பயன்படுத்துங்கள். கார்புரேட்டர் கிளீனரும் பிரேக் கிளீனரும் பிளாஸ்டிக்கையும் பூச்சையும் கெடுக்கக்கூடியவை. கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கம்பி இருக்கும் வழிக்குள் இடைவெளி விட்டுப் பலமுறை அடித்தபின், தானாகக் காயவிடுங்கள். கம்ப்ரஸர் காற்றால் ஊதினால் கம்பி அறுந்துவிடும். முழுதாகக் காயாமல் மாட்டி சாவியைத் திருப்பக் கூடாது.

கடலுக்குப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு இன்னொன்று: உப்புக் காற்றில் கனெக்டர் பின்கள் பச்சை பூத்துவிடும். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஐந்து பின்னில் ஒன்றுக்கு, சாவியைத் திருப்பியதும் பேட்டரி மின்னழுத்தம் முழுதாக வர வேண்டும். வெப்ப சென்சாருக்கு உரிய இரண்டு பின்களுக்கு இடையே, 20 டிகிரியில் ஏறத்தாழ 2.2 முதல் 2.7 கிலோ ஓம் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சாதாரண மல்டிமீட்டராலேயே அளந்துவிடலாம்.

லெனேசியா மெக்கானிக் எழுதியது:

கடலோரன் சொன்னதில் பேட்டரியைக் கழற்றுவது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சாவியை எடுத்துவிட்டால் இந்த சென்சாருக்கு மின்சாரம் கிடையாது; பேட்டரியைக் கழற்றினால் ரேடியோ, கடிகாரம், சும்மா நிற்கும்போதான சுற்றுவேகம் எல்லாம் மறுபடி பழக வேண்டியிருக்கும். ஆனால் வேலை முடிந்ததும் ஸ்கேனரால் குறியீட்டை அழிப்பதை விட்டுவிடாதீர்கள், அதோடு லாங் டிரிமும் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். இல்லாவிட்டால் சென்சார் சரியாகச் சொல்லத் தொடங்கிய பிறகும், கம்ப்யூட்டர் பழைய நினைவில் +20 பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கும். சில நாள் கரும்புகையும் பெட்ரோல் நாற்றமும் வந்து, புது சென்சாரும் கெட்டது என்று நினைத்துவிடுவீர்கள்.

கழுவியும் எண்கள் ஏறவில்லை என்றால் புதிது வாங்குங்கள். பழைய சென்சாரின் உடலிலேயே பொருள் எண் அச்சாகியிருக்கும். அதே எண்ணைக் கேளுங்கள். வேறு மாடலின் சென்சார் அச்சு அசலாக இதே வடிவத்தில் இருக்கும், இதே துளையில் உட்காரும், கனெக்டரும் பொருந்தும்; ஆனால் அது வேறு விட்டமுள்ள குழாய்க்கு அளவு செய்யப்பட்டது, ஆகவே தவறாகவே சொல்லும். இணையத்தில் பாதி விலைக்கு வரும் பெயரில்லாப் பெட்டிகளைத் தவிர்த்துவிடுங்கள். உடைப்புக் கடையில் வாங்குவதில் தவறில்லை, எண் ஒத்திருந்து, நீங்கள் கழுவி, ஓட்டி, 53க்கு அருகில் காட்டுகிறதா என்று பார்த்தபின் காசு கொடுக்கும் ஏற்பாடு இருந்தால். மாட்டும்போது ரப்பர் வளையம் முறுக்காமல் இருக்கட்டும். ஸ்க்ரூ இறங்குவது பிளாஸ்டிக்கில் என்பதால், பிடித்ததும் நிறுத்திவிடுங்கள்.

வெருலம்வாசி எழுதியது:

ஃபில்டரை மாற்றி, சென்சாரைக் கழுவிப் போட்டதில் 42 என்பது 47 ஆக உயர்ந்தது. ஏற்றத்தில் டிரிம் +12க்கு இறங்கியது. வண்டி ஓடியது, ஆனாலும் எனக்கு நிறைவில்லை. எண் ஒத்த புது சென்சார் வாங்கி மாட்டினேன். கனெக்டர் பூட்டு கடலோரன் அண்ணன் சொன்னபடியே பிஸ்கட்டாகத்தான் இருந்தது, சுடுநீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் சுற்றிவைத்தபின் உடையாமல் விட்டது. இப்போது முழு மிதியில் 52, சும்மா நிற்கும்போது 2.0, டிரிம் எங்கும் நான்கைத் தாண்டுவதில்லை. கீ ரிட்ஜில் நான்காம் கியரிலேயே ஏறுகிறது.

கடைசியாக ஒரு ஐயம். அடுத்த மாதம் இந்த வண்டியிலேயே ஜோகன்னஸ்பர்க் போகிறோம். உயரமான ஊரில் புது சென்சாருக்கு ஏதாவது அமைப்பு மாற்ற வேண்டுமா?

லெனேசியா மெக்கானிக் எழுதியது:

எதையும் மாற்ற வேண்டாம். இது காற்றின் எடையையே அளப்பதால் உயரத்துக்கு ஏற்பத் தானாகச் சரியாகிவிடும். ஜோகன்னஸ்பர்க் (என் லெனேசியாவும் இங்கேதான்) கடல் மட்டத்திலிருந்து 1750 மீட்டர் அளவுக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் டர்பனில் உள்ளதில் ஏறத்தாழ நூற்றுக்கு 82 பங்குதான். ஆகவே அங்கே 52 காட்டிய அதே சென்சார், இங்கே முழு மிதியில் 43 அளவில்தான் காட்டும், வண்டியும் அந்த அளவுக்கு வலுக்குறைந்துதான் ஓடும். சும்மா நிற்கும்போது உள்ள 2.0 பெரிதாக மாறாது, ஏனென்றால் இன்ஜின் தன் சுற்றுவேகத்தைக் காக்க அதே எடைக் காற்று வேண்டும். கம்ப்யூட்டர், காற்று வழியின் மூடியான திராட்டிலைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து அதை எடுத்துக்கொள்ளும். இந்த ஊரில் யாராவது உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு 43தான் வருகிறது, சென்சார் போய்விட்டது என்றால் டிரிமைக் காட்டச் சொல்லுங்கள்; அது நான்குக்குள் இருக்கும்வரை பானெட்டைத் திறக்க விடாதீர்கள்.