பண்டாரவன்னியனின் வாள்வீச்சு: எது வரலாறு, எது கதை?

முள்ளியவளை ஆசிரியை:
பாடசாலை விழாவுக்காக, ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட வன்னி மன்னன் பண்டாரவன்னியனைப் பற்றி மாணவி ஒருத்திக்குப் பேச்சு எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு கைகளிலும் வாளேந்தி, ஒரே வீச்சில் அறுபது வெள்ளைக்காரரைச் சாய்த்தார் என்று அம்மப்பா சொல்லக் கேட்டே வளர்ந்தேன். அதை நடந்ததாகவே எழுதலாமா?

ஒட்டுசுட்டான்காரன்:
எழுத வேண்டாம், டீச்சர். 1803 ஓகஸ்ட் 25 இல் அவர் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியதும், அங்கிருந்த ஆங்கிலேயப் படையினர் படகேறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பியதும் வரலாறு. அறுபது பேர் கணக்குத்தான் இடிக்கிறது. கையையும் வாளையும் சேர்த்து நீட்டினாலும் வீச்சு ஏறக்குறைய ஆறடிதான் எட்டும். அறுபது பேரும் அந்த வட்டத்துக்குள் நெருக்கியடித்து நின்று கழுத்தை நீட்டிக் கொடுத்திருந்தாலொழிய அது நடவாது.

நெடுங்கேணி வாசகன்:
அண்ணா சொல்வது சரி. ஆனாலும் கணக்கு பிழைத்ததற்காக வாளையே பறித்துவிடக் கூடாது. அக்காலத்துத் துவக்கில் வாய்வழியாக மருந்தையும் குண்டையும் இட்டு, இரும்புக் கம்பியால் இடித்த பிறகுதான் சுட முடியும் என்பதால், பழகிய சிப்பாய்க்கே நிமிடத்துக்கு மூன்று வெடி வைப்பது பெரும்பாடு. பற்றைக்குள் மறைந்திருந்து பாய்கிறவனுக்கு இரண்டு வெடிக்கு இடைப்பட்ட இருபது விநாடி போதும். அந்த இடைவெளியில் வாளுக்கும் வேலுக்கும் உண்மையாகவே வேலை இருந்தது.

ஒட்டுசுட்டான்காரன்:
ஏற்றுக்கொள்கிறேன். இன்னொன்றையும் கவனியுங்கள். 1803 ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் நடந்த சண்டையிலேயே அவர் வீழ்ந்து மாண்டதாக மேடைகளில் காட்டுகிறார்கள். அங்கே ஆங்கிலேயர் நாட்டிய கல்லில், வொன் டிரிபேர்க் என்ற அதிகாரி பண்டாரவன்னியனை இவ்விடத்தில் தோற்கடித்தார் என்றுதான் பொறித்தார்கள். கொன்றார் என்று பொறிக்கவில்லை. எதிரியைக் கொன்றிருந்தால் அதைக் கல்லில் வெட்டாமல் விட்டிருப்பார்களா?

முள்ளியவளை ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. பேச்சைக் கோட்டையில் தொடங்கி, துவக்கு இடிக்கும் அந்த இருபது விநாடியை விரித்துச் சொல்லி, 1982 இல் அவர் தேசிய வீரராக அறிவிக்கப்பட்டதுடன் முடிக்கிறேன். அறுபது பேர் கதை, அம்மப்பா சொன்ன கதை என்ற பெயருடனேயே நடுவில் வரும். மாணவி மட்டும் வெள்ளித்தாள் சுற்றிய மட்டை வாள் இரண்டு வேண்டுமென்று நிற்கிறாள். ஒன்று போதும் என்பதற்கு அவள் இன்னும் சம்மதிக்கவில்லை.