பாலத்துக்கு ஊர் நிலம் கேட்கிறார்கள். சுரங்கப்பாதை மோட்டார் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது?

பாலாற்றுக்காரன்:
காட்பாடி–ஜோலார்பேட்டை தண்டவாளம் எங்கள் ஊரை இரண்டாக வெட்டிப் போகிறது. இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். நடுவில் இருந்த சின்ன கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை போட்டார்கள். நேற்று ஒரு மணி நேர மழைதான், உள்ளே முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் புத்தகப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறான். பக்கத்திலேயே மோட்டார் அறை இருக்கிறது, பூட்டியிருக்கிறது. ஊராட்சியில் கேட்டால் சாவி ரயில்வேயிடம் என்கிறார்கள். ரயில்வே ஆட்களைக் கேட்டால் ஊராட்சியிடம் எப்போதோ ஒப்படைத்தாயிற்று என்கிறார்கள்.

இப்போது ஒரு கி.மீ. தள்ளியிருக்கும் பெரிய கேட்டில் மேம்பாலம் வரப்போகிறது. அணுகுசாலைக்கு எங்கள் களத்துமேட்டில் ஒரு துண்டு வேண்டுமாம். நவம்பர் 1 கிராம சபையில் தீர்மானம் வருகிறது. சாவிக்குப் பதில் வரும்வரை நிலம் தரக்கூடாது என்பது என் கருத்து.

லத்தேரி லாரி:
அண்ணே, நீங்கள் அந்தப் பெரிய கேட்டில் காத்துக் கிடந்ததில்லை. நான் இருபது வருஷமாகக் கிடக்கிறேன். ஒரு எக்ஸ்பிரஸ் போகும், கேட் திறக்கும் என்று வண்டியை ஸ்டார்ட் செய்தால் எதிர்ப்பக்கம் ஒரு கூட்ஸ் வரும். பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம் போட்டுக்கொண்டே நிற்கும். 2022-ல் பழுதுபார்க்க காட்பாடி மேம்பாலத்தை மூடினார்களே, வேலூர் போக எத்தனை பேர் எந்தெந்தத் தெருவெல்லாம் சுற்றினோம்? ஒரு பாலம் இல்லையென்றால் என்ன ஆகும் என்று அன்றைக்கே பார்த்தாயிற்று. வருகிற பாலத்தைச் சாவிக்காக நிறுத்தாதீர்கள்.

பாலாற்றுக்காரன்:
தம்பி, பாலம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கொடுப்பது எப்போதும் ஊர்தான் என்கிறேன். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. நம் ஆற்காட்டு மண்தான். ஓட்டியது மெட்ராஸ் ரயில்வே என்ற லண்டன் கம்பெனி. அந்தக் காலத்து ஒப்பந்தப்படி கம்பெனிகளுக்கு நிலம் இலவசம், 99 வருஷத்துக்கு. போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டிக்கு அரசு உத்தரவாதம் வேறு. லாபம் குறைந்தால் மக்கள் வரிப்பணத்தில் ஈடு கட்டினார்கள். அன்று நிலம் கொடுத்த ஊர்கள் பதிலுக்கு என்ன எழுதி வாங்கின?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
வரலாறு சரி. ஆனால் அந்தக் கம்பெனியை அரசு வாங்கி, 1908-ல் சதர்ன் மராட்டா ரயில்வேயோடு சேர்த்து மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே ஆக்கி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்று நம் கையில் இருப்பது 1989 ரயில்வே சட்டம். அதில் மூன்று பிரிவுகளைப் படியுங்கள்.

பிரிவு 16: தண்டவாளம் போடுவதற்கு முன் மழைநீர் எப்படித் தடையில்லாமல் போனதோ, கூடியவரை அப்படியே போகுமளவுக்கு மதகும் வடிகாலும் ரயில்வே தன் செலவில் அமைக்க வேண்டும். எவ்வளவு அகலம் போதும் என்பது மாநில அரசின் கருத்துப்படி. ஆனால் பாதை திறந்து பத்து வருஷம் கடந்தால் புதிதாகக் கேட்டுக் கட்டாயப்படுத்த முடியாது. பிரிவு 17: அதற்குப் பிறகும் உள்ளாட்சி கேட்கலாம், செலவு கேட்டவருடையது. பிரிவு 19: கேட் இருக்கும் இடத்தில் பொதுப் பாதுகாப்புக்காக மேம்பாலமோ கீழ்ப்பாலமோ வேண்டும் என்று மாநில அரசோ சாலையைப் பராமரிக்கும் உள்ளாட்சியோ எப்போதும் கேட்கலாம். ஆனால் முழுச் செலவையோ, மத்திய அரசு நியாயம் என்று கருதும் பங்கையோ கேட்டவர் தரவேண்டும் என்று ரயில்வே நிபந்தனை போடலாம்.

ஆக, "எல்லாம் ரயில்வே தலையில்" என்ற வாதம் நிற்காது.

பாலாற்றுக்காரன்:
பத்து வருஷக் கணக்கு பழைய பாதைக்கு ஐயா. சுரங்கப்பாதை நேற்று தோண்டிய பள்ளம். தண்ணீர் தானாக ஓடிக்கொண்டிருந்த மேட்டில் பள்ளம் பறித்தவர்தானே வடிய வழியும் செய்யவேண்டும்?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒப்படைப்புக் கடிதத்தில் உங்கள் ஊராட்சி கையெழுத்துப் போட்டிருந்தால் வாதம் பலவீனம். நான் பணியில் இருந்தபோது, படிக்காமல் கையெழுத்தான கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேலூர் டீச்சர்:
ஒரு விஷயத்தை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். செலவைப் பகிர்ந்து மேம்பாலம் கட்டினால், பாலம் திறந்ததும் கேட்டை நிரந்தரமாக மூடுவார்கள். அப்படியானால் நடப்பவர்கள் எந்த வழியில் போவார்கள்? பத்து வயதுப் பிள்ளை லாரிகளோடு அரை கி.மீ. சாய்தளம் ஏறி இறங்காது, நேராகத் தண்டவாளத்தைத் தாண்டும். பெரிய கேட்டும் மூடிவிட்டால் ஊர் மொத்தத்துக்கும் அந்தச் சுரங்கப்பாதைதான் கதி. அதனால் சாவி விஷயத்தை யாரும் சின்ன விஷயம் என்று தள்ளவேண்டாம்.

லத்தேரி லாரி:
டீச்சர் சொல்வது நான் யோசிக்காதது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நிலத்தைப் பிடித்து வைப்பது தப்பு. தண்டவாளத்துக்கு மேல் உள்ள பகுதியை முடித்துவிட்டு, இரண்டு பக்கமும் அணுகுசாலை இல்லாமல் வருஷக்கணக்கில் அந்தரத்தில் நிற்கும் பாலங்கள் உங்களுக்கும் தெரியும். அப்படி ஒன்று நம் ஊரில் வேண்டுமா?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
அப்படி நிற்பதற்கான காரணத்தையும் சொல்கிறேன். செலவைப் பகிர்ந்து பாலம் கட்ட வழக்கமாக ஒரு கணக்கு உண்டு: ஒரு நாளில் கேட்டில் போகும் ரயில்களின் எண்ணிக்கையையும் வாகன அலகுகளையும் (வண்டியின் வகைக்கு ஏற்பப் போடும் எண்ணிக்கை) பெருக்கினால் ஒரு லட்சம் வரவேண்டும். நூறு ரயில், ஆயிரம் வாகன அலகு என்றால் கணக்கு எட்டிவிடும். எட்டினால் ரயில்வே பாதி, மாநிலம் பாதி. தண்டவாளத்துக்கு மேல் ரயில்வே கட்டும். அணுகுசாலை நெடுஞ்சாலைத் துறையின் வேலை, நிலம் எடுப்பதும் அவர்கள்தான். ஆக, நிலத்தைப் பிடித்து வைத்தால் வலிப்பது நெடுஞ்சாலைத் துறைக்கு. சாவிக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை.

நீங்கள் பிடிக்கவேண்டிய இடம் வேறு. வேலை தொடங்கும் முன் ஜி.ஏ.டி. என்று ஒரு பொது வரைபடத்துக்கு இரண்டு தரப்பும் ஒப்புதல் தரவேண்டும். படிக்கட்டு, நடைபாதை, மழைநீர் போகும் வாய்க்கால் எல்லாம் அதில் கோடாக விழவேண்டும். விழுந்தால் மதிப்பீட்டில் வரும். வராததைப் பிறகு கேட்டால் டெபாசிட் ஒர்க் என்று ஊராட்சியிடமே பணம் கட்டச் சொல்வார்கள்.

பாலாற்றுக்காரன்:
சரி, மறுப்புத் தீர்மானம் என்ற பேச்சை விடுகிறேன். ஆனால் வெறும் சம்மதமாகவும் இருக்கக்கூடாது. இப்படி எழுதலாமா?

"அணுகுசாலைக்கு நிலம் தர இச்சபை சம்மதிக்கிறது. பொது வரைபடத்தை ஒப்புதலுக்கு முன் ஊராட்சியில் வைக்கவேண்டும். பாலத்தின் இரு பக்கமும் நடப்பவர்களுக்குப் படிக்கட்டு வேண்டும். சுரங்கப்பாதை நீரை ஏரிக் கால்வாயில் விடும் வடிகால் அதே மதிப்பீட்டில் சேரவேண்டும். மோட்டார் பராமரிப்பு யாருடையது என்று எழுத்தில் தரவேண்டும்."

திங்கட்கிழமை பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்படைப்புக் கடிதத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஊராட்சியிடம் கேட்கிறேன்.

லத்தேரி லாரி:
நிபந்தனை வைத்தால் கோப்பு தூங்கும் என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை அண்ணே. சம்மதத்தை ஒரு தீர்மானமாகவும் கோரிக்கைகளை இன்னொரு தீர்மானமாகவும் பிரித்துப் போடுங்கள், இரண்டுக்கும் கை தூக்குகிறேன்.

வேலூர் டீச்சர்:
பிரித்தால் இரண்டாவதை யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். ஒரே தீர்மானமாக இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
ஒன்றாகவே இருக்கட்டும். கடைசி வரியை மட்டும் மாற்றுங்கள். "பராமரிப்பு" என்று எழுதினால் மறுபடியும் சாவிக் கதைதான். மின் இணைப்பு யார் பெயரில், கரண்ட் பில் யார் கட்டுவது, மழை நாளில் இரவுக் காவலர் யார், மோட்டார் எரிந்தால் எத்தனை நாளில் மாற்றுவது என்று நாலையும் தனித்தனியாக எழுதுங்கள். சாவி இரண்டு, ஒன்று பள்ளிக்கூடத்தில்.