வலியே இல்லாத கால் புண்: அப்பாவின் சர்க்கரை நோய் குறித்து வழிகாட்டுங்கள்

தஞ்சை மகன் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 64. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்து வருகிறார். சித்திரை வெயிலில், நண்பகல் நேரத்தில், கோயில் பிரகாரத்தை வெறுங்காலுடன் சுற்றி வந்ததில் அவருடைய இடது உள்ளங்காலில் கொப்புளம் எழும்பியிருக்கிறது. அது எழும்பியதும் உடைந்ததும் அவருக்குத் தெரியவே இல்லை. மறுநாள் வீட்டுத் தரையில் ஈரத்தடம் இருந்ததைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார். மூன்று வாரமாகியும் புண் ஆறவில்லை. மருத்துவமனைக்கு அழைத்தால், வலிக்கவில்லை, தானாக ஆறிவிடும் என்கிறார். மாதந்தோறும் வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரை 120, 130 என்றுதான் இருந்தது. ஆனால் முதன்முறையாக எடுத்த எச்பிஏ1சி பரிசோதனையில் 9.2 வந்திருக்கிறது. இந்த முரண்பாட்டை எப்படிப் புரிந்துகொள்வது? அடுத்து என்ன செய்ய வேண்டும்?

ஓய்வுபெற்ற செவிலி:
தம்பி, முதலில் புண்ணைப் பற்றிச் சொல்கிறேன். வலி இல்லை என்பதை உங்கள் அப்பா நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார். சர்க்கரை நோயாளியின் காலைப் பொறுத்தவரை அதுதான் மிகவும் அஞ்ச வேண்டிய அறிகுறி. பல ஆண்டுகள் உயர்ந்தே இருந்த சர்க்கரை, நரம்புகளை அவற்றின் நுனியிலிருந்து சேதப்படுத்துவதால், உடலிலேயே நீளமான நரம்புகள் சென்று முடியும் பாதம்தான் முதலில் மரத்துப்போகும். சுடும் கல்லும் குத்தும் முள்ளும் தெரியாத அந்தக் கால், புண்ணின் மீதே உடல் எடையை ஊன்றி நாள் முழுவதும் நடக்கும். பிறகு புண் எப்படி ஆறும்? நாளையே அழைத்துச் செல்லுங்கள். சிவப்பு, வீக்கம், துர்நாற்றம், காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் நாளை வரைகூடக் காத்திருக்க வேண்டாம். அதுவரை வெந்நீர் ஒற்றடமோ மஞ்சள் பற்றோ கூடவே கூடாது.

10 கிராம் விசையில் வளையும் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையால் பாதத்தின் சில இடங்களைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பார்கள். கால் நாடித் துடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் மறைக்காமல் கூறுங்கள். மெட்ஃபார்மினை நெடுநாள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அந்தக் குறையும் காலை மரத்துப்போகச் செய்யும் என்பதால் அதையும் பரிசோதிப்பது நல்லது.

இனி எண்களுக்கு வருகிறேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை அந்த ஒரு காலைப்பொழுதின் நிலையை மட்டுமே காட்டும். பரிசோதனைக்கு முந்தைய இரவு இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்பவர்களை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். எச்பிஏ1சி ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதால், மதியச் சோற்றுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் அதில் சேர்ந்துவிடும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை அந்த அளவைச் சற்றுக் கூட்டிக் காட்டலாம் என்றாலும், ஆறாத புண்ணும் 9.2-உம் சேர்ந்து வரும்போது அதைக் காரணமாகச் சொல்லித் தள்ளிப்போடக் கூடாது. பலருக்கு 7-க்குள் இருப்பது இலக்கு. உங்கள் அப்பாவுக்கு எது பொருத்தம் என்பதை அவருடைய மருத்துவர் முடிவு செய்வார்.

வேலூர்வாசி:
என் அம்மாவுக்கும் இதே போன்றுதான் தொடங்கியது. கால் ஆணியை வீட்டிலேயே பிளேடால் சீவினார். ஒரு மாதத்தில் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. புண் ஆறிய பின்னர் எம்சிஆர் என்ற நுண்துளை ரப்பரால் ஆன செருப்பு அணியச் சொன்னார்கள். எங்கள் ஊர் சிஎம்சி மருத்துவமனையில் 1946 முதல் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்கள் சிதைவதற்குப் பெரும்பாலும் உணர்ச்சியின்மையால் நேரும் காயங்களே காரணம் என்று எடுத்துக்காட்டியவர். உணர்விழந்த பாதத்தை மென்மையான ரப்பர் செருப்பால் காக்கும் அந்த முறைதான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் உதவுகிறது. அம்மா இப்போது வீட்டுக்குள்ளும் செருப்போடுதான் நடக்கிறார். அணிவதற்கு முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கிறார். கோயிலுக்கு விடியற்காலையில், பருத்திக் காலுறை அணிந்து செல்கிறார். ஒவ்வோர் இரவும் அவருடைய உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் நான் விளக்கொளியில் பார்த்துவிடுவேன்.

தஞ்சை மகன்:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்று அழைத்துச் சென்றேன். இழை தொட்டதை அப்பா நான்கு இடங்களில் உணரவில்லை; கண்ணை மூடியபடி, இன்னும் தொடவில்லையா என்று அவர் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. புண்ணைச் சுத்தம் செய்து, காலை ஊன்றாமலிருக்கக் கட்டுப் போட்டிருக்கிறார்கள், இன்சுலினும் தொடங்கியிருக்கிறார்கள். கண்ணையும் சிறுநீரகத்தையும் இப்போதே பார்க்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற செவிலி:
கட்டாயம் பார்க்க வேண்டும், தம்பி. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பார்வை தெளிவாக இருக்கும்போதே உள்ளே இரத்தக் கசிவு தொடங்கியிருக்கலாம். சிறுநீரகத்துக்கு, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள்; அது 30-ஐத் தாண்டினால் மறுமுறையும் சோதித்து உறுதி செய்வார்கள். இரண்டும் ஆண்டுக்கு ஒருமுறை தேவை. இன்சுலின் புதிது என்பதால், சர்க்கரை அளவு மிகவும் இறங்கி வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரையை மீண்டும் அளந்து பார்க்குமாறு அம்மாவிடம் இன்றிரவே சொல்லி வையுங்கள்.