கஞ்சி கெட்டியாக இருந்தால் மாந்தமா?

குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாட்டுக்கு இங்கே பலரும் வறுமையையே முதற்காரணமாக எழுதியிருக்கிறீர்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் குழந்தைகளுக்கு எடை பார்த்துவந்த காலத்தில், வீட்டில் கேழ்வரகு இருந்தும் பிள்ளை தேறாமல் போவதைத்தான் நான் அதிகம் கண்டேன்.

ஒரு குழந்தைக்கு வயது 14 மாதம். தாயும் தகப்பனும் பெங்களூருவில் கட்டட வேலையில் இருந்ததால் பாட்டியிடம் வளர்ந்தான். வண்ண நாடாவால் அளந்தபோது புயத்தின் சுற்றளவு 11.8 செ.மீ., அதாவது நாடாவின் மஞ்சள் பகுதி, 11.5-க்குக் கீழே இறங்கினால் சிவப்பு, தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு. "இவன் அப்பனும் இப்படித்தான் நோஞ்சானா இருந்தான் கண்ணு" என்றார் பாட்டி. 5 வயதுக்குட்பட்டவர்களில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டும் தமிழ்நாட்டில், இந்தச் சமாதானம் எத்தனை வீடுகளில் சொல்லப்படுகிறதோ!

அவர் காய்ச்சியிருந்த கஞ்சியைக் கரண்டியில் அள்ளிச் சரித்துப் பார்த்தேன். கரண்டியில் ஒரு பூச்சு மட்டும் நின்றது, மற்றதெல்லாம் தண்ணீராக வழிந்துவிட்டது. கெட்டியாகக் கொடுத்தால் மாந்தம், அதாவது செரிக்காமல் வயிற்றுக்கோளாறு, வரும் என்று அவருக்கு அச்சம். அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவோ, வீட்டிலிருந்த பெரிய பிள்ளைகளுக்கும் சேர்த்து உருண்டையாகிக்கொண்டிருந்தது. கைக்குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 30 மி.லி. அளவே கொள்ளும்; அந்த இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் பிள்ளை வயிறு நிறைந்தபடியே மெலியும்.

மாந்தம் என்பதை மூடநம்பிக்கை என்று சொல்லிப் பாட்டியிடம் வாதாடுவதில் பயனில்லை. கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சச் சொன்னேன். முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், மாவை அதிகமாகப் போட்டாலும் கஞ்சி இளக்கமாகவே இருக்கும். பாட்டிக்கும் பயமில்லை, பிள்ளைக்கும் சத்துக் குறையாது. அதோடு ஒரு தேக்கரண்டி எண்ணெய், கிடைத்த நாளில் மசித்த முட்டை. அடுத்த பொங்கலுக்குள் நாடா பச்சைக்கு வந்தது.

பண்டிகைக்கு வந்த தாய் பிள்ளையைப் பெங்களூருவுக்கே அழைத்துப் போய்விட்டதால், எடைப் பதிவு அத்தோடு நின்றுவிட்டது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் இத்தகைய குழந்தைகளை அங்குள்ள அங்கன்வாடியில் சேர்த்துவிட்ட அனுபவம் யாருக்கேனும் இருந்தால், அதை எப்படிச் செய்தீர்கள் என்பதை விரிவாக எழுதுங்கள்.