காப்பகத்திலிருந்து கைக்குழந்தையைத் தத்தெடுக்கிறோம்: அழைப்பு வருவதற்குள் எதையெல்லாம் தயார் செய்வது?

முகில்வண்ணம்:
வீட்டு ஆய்வு முடிந்து ஒப்புதல் கிடைத்துவிட்டது. குழந்தை இரண்டிலிருந்து நான்கு மாதத்துக்குள் இருக்கும், அழைப்பு வந்தபின் சில நாள் அவகாசம்தான் கிடைக்கும் என்கிறார்கள். கட்டில், துணி, டயப்பர் எல்லாம் பட்டியல் போட்டாயிற்று. ஆனால் தேடினால் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் பிரசவித்த தாய்மாருக்கானவை. மருத்துவக் கோப்பில் எதைப் பார்க்க வேண்டும்? பால் விஷயத்தில் எங்கே தவறு நடக்கும்? பிரசவிக்காமலே தாய்ப்பால் சுரக்க வைக்கலாம் என்கிறார்களே, அது நடக்கக்கூடியதா?

வெண்தாழை:
கடைச் சாமான் ஒரே நாளில் வாங்கிவிடலாம், அதற்குப் பதற வேண்டாம். குழந்தையை இதுவரை பார்த்துக்கொண்டவரிடமிருந்து வாங்கவேண்டிய தகவல்தான் பிறகு கிடைக்காது. கோப்பு கைக்கு வந்ததும் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். யாரிடம் காட்டுவது என்பதை இப்போதே முடிவு செய்துவையுங்கள்.

முதலில் பிறந்த எடையும் எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்பதும். குறைமாதக் குழந்தையைத் திருத்திய வயதில்தான், அதாவது பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணும் வயதில்தான், அளக்க வேண்டும். 32 வாரத்தில் பிறந்து இப்போது நான்கு மாதமான குழந்தையிடம் இரண்டு மாதக் குழந்தையின் வளர்ச்சியைத்தான் எதிர்பார்க்க வேண்டும். இது தெரியாமல் "முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, தலை நிற்கவில்லை" என்று பயப்படுகிறவர்கள் நிறைய. மிகவும் முன்னதாகப் பிறந்திருந்தால் விழித்திரைப் பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள்.

அடுத்து தலைச்சுற்றளவு. ஒரு தடவை அளந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தேதி வாரியாக எடை, நீளம், தலைச்சுற்றளவு மூன்றையும் கேட்டு வாங்கி, உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சி வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். குழந்தையின் கோடு கீழேயே இருந்தாலும் வரைபடத்தில் அச்சிட்ட வளைவோடு சேர்ந்து போனால் கவலை குறைவு. மேலிருந்து கீழே வளைவுகளைத் தாண்டி இறங்கினால் காரணம் தேட வேண்டும்.

ரத்தப் பரிசோதனைகளில் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படுவது எச்.ஐ.வி. தாயின் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரைகூட இருக்கலாம். அதனால் இந்த வயதில் ஆன்டிபாடி சோதனை "பாசிட்டிவ்" என்று வந்தால் குழந்தைக்குத் தொற்று இருப்பதாக முடிவு கட்டக்கூடாது. வைரஸையே தேடும் பி.சி.ஆர். சோதனைதான் பதில் சொல்லும். தைராய்டு சோதனை முடிவையும் பாருங்கள். பிறவித் தைராய்டு குறைவைச் சில வாரங்களுக்குள் பிடித்து மருந்து தொடங்கினால் மூளை வளர்ச்சி காப்பாற்றப்படும், தாமதித்தால் இழப்பை மீட்க முடியாது. செவித்திறன் சோதனை கோப்பில் இல்லையென்றால் வீட்டுக்கு வந்த உடனே செய்துவிடுங்கள்.

உங்கள் இருவருக்கும் ஒரு வேலை: கக்குவான் இருமல் தடுப்பூசியைக் குழந்தை வருவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் கூடவே இருக்கப்போகிற பெரியவர்களுக்கும் சேர்த்து.

ஆற்றுமணல்:
பால் பற்றி. காப்பகத்தில் என்ன பால் பவுடர், எத்தனை மணிக்கு, ஒரு வேளைக்கு எவ்வளவு, எந்த நிப்பிள் என்று எழுதி வாங்குங்கள். முடிந்தால் அதே பாட்டிலும் நிப்பிளும் இரண்டு செட். பல குழந்தைகளை ஒரே நேரத்தில் பார்க்கும் இடங்களில் சீக்கிரம் குடித்து முடிக்க நிப்பிள் துளையைப் பெரிதாக்கியிருப்பார்கள். அந்த வேகத்துக்குப் பழகிய குழந்தை உங்கள் புது நிப்பிளில் உறிஞ்சி உறிஞ்சிக் களைத்து அழும். பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நீங்கள் டின்னை மாற்றுவீர்கள், அப்புறம் வயிறும் கெடும். பவுடரை மாற்றியே ஆகவேண்டும் என்றால் முதல் வாரங்களில் வேண்டாம். பிறகு ஒரு நாளில் ஒரு வேளையை மட்டும் மாற்றி, சில நாள் பார்த்து அடுத்த வேளைக்குப் போகலாம்.

அளவு: ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி. 5 கிலோ குழந்தைக்கு 750, ஆறு வேளையாகப் பிரித்தால் 125. இது தோராயம். போதுமா என்பதை நாளுக்கு ஆறோ அதற்கு மேலோ ஈர டயப்பர்களும் ஏறும் எடையும் சொல்லும்.

கலக்கும் முறையில் தவறக்கூடாது. பவுடர் கிருமி நீக்கியது அல்ல, குரோனோபாக்டர் என்ற பாக்டீரியா அதில் இருக்கலாம். அதைக் கொல்ல நீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எனவே கொதித்த நீரை அரை மணிக்குள் பயன்படுத்துங்கள். முதலில் நீர், பிறகு பவுடர். டின்னோடு வந்த கரண்டி, தலை தட்டி. கலக்கியபின் பாட்டிலைக் குளிர்ந்த நீரில் பிடித்து ஆறவைத்து, மணிக்கட்டில் சொட்டிப் பார்த்துக் கொடுங்கள். கலக்கிய பால் இரண்டு மணி நேரம்தான், குடித்து மீந்ததைக் கீழே கொட்டிவிடுங்கள். தண்ணீர் கூடினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரலாம். "கொஞ்சம் திக்காக இருந்தால் சீக்கிரம் தேறும்" என்று பவுடரைக் கூட்டுவதும் ஆபத்துதான், சிறுநீரகத்துக்குச் சுமை, நீரிழப்பு.

தாய்ப்பால்: சுரக்க வைக்க முடியும், ஆனால் வாரக்கணக்கில், நாளைக்கு எட்டு முறை போல பம்ப் செய்ய வேண்டும். முழுத் தேவைக்கும் சுரப்பது அரிது. மார்போடு ஒட்டும் மெல்லிய குழாய் வழியே பவுடர் பாலைச் சேர்த்துக் கொடுப்பார்கள். பாட்டிலுக்குப் பழகிய மூன்று மாதக் குழந்தை மார்பில் வாய் வைக்கவே மறுக்கலாம். சுரப்பைத் தூண்ட டோம்பெரிடோன் மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்காதீர்கள், சிலருக்கு இதயத் துடிப்பைக் குலைக்கும். பால் கொடுக்கும் ஆலோசகரையும் மருத்துவரையும் பார்த்துத் தொடங்குங்கள். என்னைக் கேட்டால், அவகாசம் சில நாள்தான் என்றால் இதில் ஆற்றலைச் செலவழிக்க மாட்டேன்.

நெடும்பகல்:
மேலே யாரும் தொடாத ஒன்று. காப்பகக் குழந்தை முதல் நாட்களில் அழவே அழாமல் இருந்தால் "எவ்வளவு சமத்து" என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அழுதும் ஆள் வராத இடத்தில் வளர்ந்த குழந்தை அழுவதை நிறுத்திவிடும். பசித்தாலும் சத்தம் வராது. அதனால் முதல் இரண்டு வாரம் அழுகைக்குக் காத்திராமல் மூன்று மணிக்கொரு முறை நீங்களே பாலை நீட்டுங்கள். சில வாரத்தில் திடீரென்று அழுகை கூடினால், காய்ச்சல், வயிற்றுக் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொண்டபின், அதை முன்னேற்றமாகவே எடுத்துக்கொள்ளலாம். கூப்பிட்டால் ஆள் வரும் என்று புரிந்துவிட்டது.

பாட்டிலைத் தலையணையில் சாய்த்துவைத்துக் குடிக்க விடாதீர்கள். மடியில், முகம் பார்த்து, உங்கள் இருவரில் ஒருவர் மட்டும். குழந்தை விறைத்துக்கொண்டால், கண்ணைத் திருப்பிக்கொண்டால் வற்புறுத்த வேண்டாம். சட்டையில்லாத மார்பில் சற்று நேரம் சாய்த்து வைத்திருந்தாலே போதும்.

தூக்கம்: மல்லாக்க, உறுதியான மெத்தை, கட்டிலில் தலையணையோ பொம்மையோ தடுப்பு மெத்தையோ கூடாது. கம்பிகளுக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. குறைந்தது ஆறு மாதம் வரை உங்கள் அறையில், தனிக் கட்டிலில். பல குழந்தைகளோடு வெளிச்சத்தில் தூங்கிப் பழகியிருந்தால் இருட்டும் நிசப்தமும்தான் அதை எழுப்பும், மங்கிய விளக்கு போட்டுப் பாருங்கள். மல்லாக்கவே கிடந்து பின்னந்தலை தட்டையாகியிருந்தால், விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்து, நாளில் பலமுறை சில நிமிடங்கள் குப்புறப் போடுங்கள்.

முகில்வண்ணம்:
மூவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு. அங்கே பயன்படுத்திய போர்வையைத் தருவார்களாம், துவைத்துத்தானே வைக்க வேண்டும்? சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்க்க வரத் துடிக்கிறார்கள், என்ன சொல்வது?

வெண்தாழை:
துவைக்காதீர்கள், சில நாள் அந்த வாசனை வேண்டும். குழந்தை விழித்திருக்கும்போது உங்கள் மடியில் விரித்துக்கொள்ளுங்கள், கட்டிலுக்குள் வேண்டாம். ஒன்று மட்டும்: குழந்தையின் உள்ளங்கை, உள்ளங்கால், அக்குளில் சின்னச் சின்னக் கொப்புளமும் இரவில் சிணுங்கலும் இருந்தால் சிரங்காக இருக்கலாம். அப்போது வெந்நீரில் துவைத்தே ஆகவேண்டும், வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும்.

நெடும்பகல்:
உறவினர் வரட்டும், கொஞ்சம் தள்ளி. பார்க்கலாம், சமைத்துக் கொடுக்கலாம், துணி மடிக்கலாம். தூக்குவது, பால் கொடுப்பது, குளிப்பாட்டுவது முதல் சில வாரம் நீங்கள் இருவர் மட்டும். இதை அழைப்பு வருமுன்பே சொல்லிவிடுங்கள், வாசலில் வந்து நிற்கும்போது சொன்னால் மனத்தாங்கல்தான். இருமல், சளி உள்ளவர்கள் வரவே வேண்டாம். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் நேரே மருத்துவமனைதான்.