வராண்டாவுக்குக் கண்ணாடி போடலாமா?

குழு: மலையடி வீடு, கன்னங்குறிச்சி (சேலத்தில், ஏற்காடு மலையடிவாரம். அம்மாயி என்றால் எங்கள் அம்மாவின் அம்மா)

ஞாயிறு

செந்தில் (9.12): எல்லோரும் பாருங்கள், கொட்டேஷன் வந்துவிட்டது. வராண்டாவின் மேற்கு, வடக்கு இரண்டு பக்கமும் கொசுவலையை எடுத்துவிட்டு யூபிவிசி (பிளாஸ்டிக் சட்டம்) ஸ்லைடிங் கண்ணாடி. 160 சதுர அடி, அடிக்கு 750 ரூபாய். மொத்தம் 1,20,000. ஏசி தனி.

அம்மா (9.15): வலையைப் போன ஆடிக்குத்தானே மாற்றினோம்?

செந்தில் (9.17): அம்மா, ஜூனிலிருந்து எனக்கு வாரம் மூன்று நாள் பெங்களூரில் இல்லை, நம் வீட்டிலிருந்துதான் வேலை. ஹாலில் உட்கார்ந்தால் அம்மாயியின் சீரியல். வராண்டாவில் உட்கார்ந்தால் என்ன ஆகிறது என்று போன மாதமே பார்த்தீர்கள். மேலதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது மழைச்சாரல் லேப்டாப் மேல் அடித்தது.

அண்ணி (9.20): தூசியையும் சொல்லுங்கள். காலையில் துடைத்தால் மதியம் காலில் நறநறவென்று ஒட்டுகிறது.

அப்பா (9.31): நல்ல யோசனை. ஓர் அறை கிடைத்த மாதிரி. 👍

மாமா (9.40): மாப்பிள்ளை, வராண்டாவுக்கு மேலே என்ன கூரை?

செந்தில் (9.41): மங்களூர் ஓடு மாமா. உங்களுக்குத் தெரியாதா?

மாமா (9.44): தெரிந்துதான் கேட்கிறேன். வெயிலில் காய்ந்த ஓட்டின் சூடு நேராகத் தலையில் இறங்கும். ஓட்டுச் சந்தெல்லாம் காற்று கசியும். அங்கே ஏசி போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி. போட்டே தீரவேண்டும் என்றால் பால்ஸ் சீலிங் அடிக்க வேண்டும். அடித்தால் சீலிங்குக்கும் ஓட்டுக்கும் நடுவில் எலி குடும்பம் நடத்தும். கொட்டேஷனில் சீலிங் இருக்கிறதா?

செந்தில் (9.46): இல்லை.

மாமா (9.46): ம்.

ஏற்காடு அத்தை (10.05): கண்ணு, எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் இந்த ஆசையா? இங்கே கண்ணாடி இல்லாவிட்டால் டிசம்பரில் மூடுபனி சோபாவில் வந்து உட்காரும். எங்கள் ஊர் 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 கூட இல்லை. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு விசிறியைத் தேட வேண்டும். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், சூடான காற்றை வெளியே விடாது. எங்களுக்கு அதுதான் வேண்டும். உங்களுக்கு எதற்கு?

ஏற்காடு அத்தை (10.07): அடைத்துப் போட்டதால் இங்கே ஈரமும் போகமாட்டேன் என்கிறது. மழைக்காலத்தில் உன் மாமாவின் தோல் செருப்பில் பச்சையாகப் பூத்துவிடும். அதை யாரும் சொல்வதில்லை.

நான் (10.20): அண்ணா, ஒன்றைக் கவனித்தாயா? ஏப்ரல் 20 வாக்கில் நம் ஊருக்குச் சூரியன் நேர் உச்சியில் வந்துவிடுகிறது. அப்புறம் ஆகஸ்ட் 22 வாக்கு வரைக்கும் நடுப்பகலில் உச்சிக்குக் கொஞ்சம் வடக்கேதான். மதியம் வரை ஓடு தாங்குகிறது. இரண்டரை மணிக்கு மேல் வெயில் இறவாணத்துக்கு (கூரை விளிம்புக்கு) கீழே நுழைந்து, நேற்று நாலு மணிக்கு ஹால் வாசற்படியைத் தொட்டது. அந்த இடத்தில் காலை வைத்தேன், எடுத்துவிட்டேன்.

செந்தில் (10.23): திரை போடலாம். தடிமனான திரையாக.

மாமா (10.26): திரை உள்ளே தொங்கும். வெயில் அதற்குள் கண்ணாடியைத் தாண்டி வந்திருக்கும். மறைப்பு வெளியில் இருந்தால்தான் மறைப்பு.

அப்பா (10.40): கரண்ட் பில்லையும் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு 430 யூனிட் வருகிறது. ஏசி ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 யூனிட் என்று வைத்தாலும் நாளுக்கு 5 மணி நேரம், 60 நாளுக்கு 300. 500ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் இல்லை, கீழே இருக்கிற யூனிட்டுக்கும் விலை ஏறுகிறது. 👍 போட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணி (10.41): 😂

அம்மா (11.02): அம்மாயி ஒன்று சொல்லச் சொன்னார்கள். "எல்லாம் சரி, நான் எங்கே படுப்பது?"

(இதற்கு அரை மணி நேரம் யாரும் பதில் போடவில்லை. அம்மாயியின் கயிற்றுக் கட்டில் வராண்டாவின் வடக்கு மூலையில் கிடக்கிறது. பகல் முழுக்கக் காய்ந்த மலைச்சரிவு இரவில் குளிர்ந்து, அந்தக் குளிர்காற்று கீழே இறங்கி வருவது முதலில் அந்த மூலைக்குத்தான். அங்கிருந்து ஹால் வழியாகச் சமையலறைப் பின்வாசலுக்குப் போகும். நாங்கள் நாலு பேரும் தூங்குவது அந்தக் காற்றில்தான்.)

நான் (11.34): சண்டை வேண்டாம், சோதித்துப் பார்த்துவிடலாம். மாடி வேலைக்கு வாங்கிய பாலித்தீன் ஷீட் அப்படியே இருக்கிறது. வலைமேல் கட்டி மூன்று நாள் பார்ப்போம். ஹால் கடிகாரம் வெப்பநிலை காட்டும், அதை அங்கே தொங்கவிடுகிறேன்.

செந்தில் (11.36): சரி. ஆனால் ஷீட்டும் கண்ணாடியும் ஒன்று இல்லை என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

நான் (3.40): இன்று வலை மட்டும்: 37.5.

திங்கள்

அப்பா (8.10): கட்டியாயிற்று. துணி கிளிப் 46. (படம்: ஷீட்டுக்குப் பின்னால் மங்கலாக அம்மாயி, கையில் காபி டம்ளர்)

நான் (3.40): 41.5. ரப்பர் செடி வாடிவிட்டது. ஹாலும் 36.

செந்தில் (3.52): ஸ்லைடிங்கைத் திறந்துவைக்கலாமே? ஷீட்டைத் திறக்க முடியாது. கணக்கு நியாயமாக இல்லை.

மாமா (4.01): இரண்டு கதவு ஸ்லைடிங்கில் ஒன்றின் மேல் ஒன்று போய் நிற்கும். எவ்வளவு திறந்தாலும் பாதிதான் திறப்பு. இன்று உனக்கு இருக்கிற காற்றில் பாதியை 1,20,000 கொடுத்து விற்கிறாய் மாப்பிள்ளை.

அண்ணி (4.03): ஆனால் இன்று தூசி இல்லை. நேர்மையாகச் சொல்கிறேன்.

செவ்வாய்

அம்மா (6.15): ராத்திரி 2 மணிக்கு அம்மாயி கட்டிலைக் காணோம். பயந்துபோய்த் தேடினால், சமையலறைப் பின்வாசலில் இழுத்துப் போட்டுப் படுத்திருக்கிறார்கள். 82 வயதில் தனியாக இழுத்திருக்கிறார்கள். இது என்ன சோதனை, யாருக்குச் சோதனை?

நான் (6.20): வடக்குப் பக்க ஷீட்டை இப்போதே எடுத்துவிடுகிறேன்.

செந்தில் (6.48): வடக்கை விட்டுவிடுங்கள். அம்மாயியிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள். மேற்கு மட்டும் இருக்கட்டும்.

செந்தில் (7.20, மாலை): அங்கே மழையா? இங்கே பெங்களூரில் இடி.

அப்பா (7.35): கோடைமழை, சுழற்றி அடித்தது. ஷீட் படபடவென்று அடித்து 12 கிளிப் தெறித்துவிட்டது. ஆனால் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. செந்தில் அதில் ஜெயித்தான்.

மாமா (7.50): சாரலுக்குக் கண்ணாடி வேண்டாம் மச்சான். இறவாணத்தில் ஒரு ரோலர், மழைக்குத் தார்ப்பாய். வெயிலுக்கு வலைக்கு வெளியே மூங்கில் தட்டி. தேவை இல்லாதபோது சுருட்டி மேலே கட்டிவிடலாம். பங்குனி, சித்திரையில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தால், காய்ந்த வெயிலுக்கு நன்றாகவே குளிரும். மழை ஈரக்காற்றில் அது பிரயோஜனப்படாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணி (7.53): தூசிக்கு?

மாமா (7.54): தூசிக்குத் துடைப்பம்.

அண்ணி (7.54): அது யார் கையில் மாமா?

அப்பா (8.02): ஒற்றைப்படை நாளில் செந்தில் கையில்.

புதன்

செந்தில் (1.10): தட்டி, தார்ப்பாய் எல்லாம் சரி. நான் எங்கே உட்கார்வது? அதை யாருமே சொல்லவில்லை. மீட்டிங்கில் பின்னால் காக்கை கத்துகிறது.

மாமா (1.25): ஹாலை ஒட்டிய சாமான் அறை எத்தனை அடி?

நான் (1.26): 8க்கு 9. கான்கிரீட் கூரை. கிழக்கே ஒரு ஜன்னல்.

மாமா (1.28): அது போதுமே! மதியம் சுவரில் வெயில் படாது, கதவைச் சாத்தினால் காற்று கசியாது. சின்ன ஏசி போதும், செந்தில் இருக்கிற மூன்று நாள் மட்டும் ஓடும். 500க்குள் அடங்குகிறதா என்று மச்சான் கணக்குப் போடட்டும்.

அப்பா (1.50): வாரம் 3 நாள், 5 மணி நேரம். இரண்டு மாதத்துக்கு 130 யூனிட். 430ஓடு சேர்த்தால் 560. தாண்டுகிறது.

செந்தில் (1.52): அப்பா, ஹாலில் டிவி ஓடாவிட்டால்?

அம்மா (1.53): அம்மாயி இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

செந்தில் (1.53): நான் எதுவும் சொல்லவில்லை.

அப்பா (2.20): ஏசி மூன்று மணி நேரம் என்றால் 78. மொத்தம் 508. இன்னும் 8 யூனிட்தான். மாடியில் அந்தப் பழைய பிரிட்ஜை அணைத்தால் முடிந்தது. அதில் இருப்பது ஒரு பாட்டில் ஊறுகாய்.

செந்தில் (2.24): சரி, ஒத்துக்கொள்கிறேன். கண்ணாடிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

அம்மா (2.31): எல்லோரும் முடிவு செய்துவிட்டீர்கள். சாமான் அறையில் பழைய கிரைண்டர், என் சீர்ப் பித்தளை அண்டா மூன்று, கொலு படி எல்லாம் இருக்கிறதே, அதெல்லாம் எங்கே போகும்?

நான் (2.32): வராண்டாவில் வைக்கலாமா?

வியாழன்

அம்மா (5.50): அம்மாயி சொல்லச் சொன்னார்கள். அண்டாவை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், வடக்குப் பக்கம் கட்டிலுக்கு அடியில் வைத்தால் மூன்றையும் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடுவார்களாம்.

அப்பா (6.05): கிளிப் 46இல் 31தான் கிடைத்தது. மீதி யார் எடுத்தது?